ஜேம்ஸ் ரௌஸ்: வீட்டுக்கடன் தெரிந்த ஒரு மனிதரின் கதை

கேள்வி இதுதான்: நிலம் வாங்கி, வணிக வளாகம் கட்டிப் பணம் சேர்த்தவர்களில் யாராவது தன் ஊருக்கு உண்மையிலேயே உருப்படியாக ஏதேனும் செய்திருக்கிறார்களா? அல்லது கோயில் டியூப்லைட்டில் ‘உபயம்’ என்று பெயர் எழுதிக்கொள்வதோடு சரியா?

இருக்கிறார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ரௌஸ். வீட்டுக்கடன் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். சம்பளச் சீட்டு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக, தவணை தவறவே மாட்டார் என்று எனக்குத் தெரிந்த ஓர் இட்லிக் கடை அம்மாவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்த உறுத்தலோடு படித்ததால்தான் ரௌஸின் வாழ்க்கை எனக்கு இவ்வளவு நெருக்கமானது. மற்றவர்கள் அவரை நகரம் கட்டியவராகப் பார்ப்பார்கள். எனக்கு அவர் முதலில் ஒரு கடன் தொழில்காரர். கடன் எப்படி வேலை செய்கிறது என்பதை அடிமுதல் நுனிவரை அறிந்தவர்.

1914 ஏப்ரல் 26 அன்று, செசபீக் விரிகுடாவின் கிழக்குக் கரையில் உள்ள ஈஸ்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். வசதியான குடும்பம். தந்தை, டப்பாவில் அடைத்த உணவுப் பொருட்களுக்குத் தரகு வியாபாரம் செய்தவர். 1930-இல் எல்லாம் சரிந்தது. ஒரே ஆண்டுக்குள் தாய் போனார், தந்தையும் போனார், கடனுக்காக வீட்டையும் வங்கி எடுத்துக்கொண்டது. பையனுக்கு வயது பதினாறு. பிறகு ஹவாயில் அக்கா வீட்டில் தங்கி ஓராண்டுக் கல்லூரி, வர்ஜீனியாவில் கொஞ்ச நாள் படிப்பு. அதன்பின் பால்டிமோருக்கு வந்து, பகலில் ஒரு வாகன நிறுத்தத்தில் கார்களை நிறுத்தி எடுக்கும் வேலை, இரவில் சட்டப் படிப்பு. 1937-இல் பட்டம் பெற்றார்.

இதற்கிடையில் அவருக்குக் கிடைத்த வேலைதான் வாழ்க்கையின் போக்கைத் தீர்மானித்தது. 1934-இல் ரூஸ்வெல்ட் அரசு கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகத்தைத் தொடங்கியிருந்தது. அதற்கு முன் அமெரிக்காவில் வீட்டுக்கடன் என்றால் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுக் கடன்தான். வீட்டு விலையில் பாதியைக் கையில் வைத்திருக்க வேண்டும். கெடு முடிந்ததும் அசலை மொத்தமாகக் கட்ட வேண்டும் அல்லது மறுபடி கடன் வாங்க வேண்டும். பொருளாதாரப் பெருமந்தம் வந்தபோது மறுகடன் கொடுக்க ஆளில்லை. லட்சக்கணக்கான வீடுகள் ஏலத்துக்குப் போயின. புதிய நிர்வாகம் கடனுக்கு அரசுக் காப்பீடு கொடுத்தது. அதனால் வங்கிகள் நீண்ட காலத்துக்கு, சிறு மாதத் தவணைகளில் கடன் தர முன்வந்தன. பால்டிமோரில் அந்த நிர்வாகத்தின் அலுவலகத்தில் ரௌஸ் சேர்ந்தார். வீட்டைக் கடனுக்குப் பறிகொடுத்த பையன் கடனின் இயந்திரத்தைத் திறந்து பார்த்துக் கற்றுக்கொண்ட இடம் அது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே காப்பீடு கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்கு மறுக்கப்பட்டது. எந்தத் தெருவுக்குக் கடன் கொடுக்கலாம், எதற்குக் கூடாது என்பதில் நிறம் ஒரு கணக்காக இருந்தது. பால்டிமோரின் பல தெருக்கள் இன்றுவரை அதன் விளைவைச் சுமக்கின்றன. ரௌஸ் வளர்ந்தது அந்த ஏற்பாட்டுக்கு உள்ளேதான். 1939-இல் ஹன்டர் மாஸ் என்பவரோடு சேர்ந்து அவர் ஆரம்பித்த அடமானக் கடன் நிறுவனம் செழித்ததும் அந்த ஏற்பாட்டின் நிழலில்தான்.

போருக்குப் பிறகு கடன் கொடுப்பதிலிருந்து கட்டுவதற்கு வந்தார். 1956-இல் பால்டிமோரில் மோண்டாமின், 1958-இல் அருகிலுள்ள கிளென் பர்னியில் ஹாரன்டேல், 1961-இல் நியூஜெர்சியில் செர்ரி ஹில் என்று வரிசையாகக் கடைவளாகங்கள். கூரை போட்டுக் குளிரூட்டிய ‘மால்’ என்ற வடிவத்தை அமெரிக்கக் கிழக்குக் கரைக்குப் பழக்கியவர்களில் அவர் முக்கியமானவர். புறநகர் மால்கள் நகர மையத்துக் கடைத்தெருக்களின் உயிரை உறிஞ்சின என்பதும் உண்மை. பின்னாளில் அதே நகர மையங்களை மீட்க அவர் பாடுபட்டதைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

இனி கொலம்பியா, அவர் கட்டிய நகரம். இங்கே கொஞ்சம் நின்றுதான் ஆக வேண்டும்.

பால்டிமோருக்கும் வாஷிங்டனுக்கும் நடுவே ஹோவர்ட் கவுன்ட்டி. கவுன்ட்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. பண்ணை நிலம், இரண்டு பெருநகரங்களும் இருபுறமிருந்தும் அதை நோக்கி வளர்ந்துகொண்டிருந்தன. 1962 முதல் 1963 வரை யாரோ அங்கே நிலம் வாங்கிக் குவித்தார்கள். வெவ்வேறு நிறுவனப் பெயர்களில், வெவ்வேறு வழக்கறிஞர்கள் வழியாக, நூற்றுக்கும் மேற்பட்ட கிரயங்கள். வாங்குவது யார், எதற்கு என்று தெரியாமல் ஊரெல்லாம் வதந்தி. 1963 அக்டோபரில் ரௌஸ் கவுன்ட்டி நிர்வாகிகள் முன் வந்து, வாங்கியது தான்தான் என்றார். சுமார் 14,000 ஏக்கர். கவுன்ட்டியின் மொத்தப் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. விலை சராசரியாக ஏக்கருக்கு சுமார் 1,500 டாலர். பணம் கொடுத்தது கனெக்டிகட் ஜெனரல் என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனம்.

இந்த இடத்தில் நம் ஊர் வாசகருக்கு மனம் நெருடும். வெளிவட்டச் சாலை எங்கே வரப்போகிறது என்று முன்பே தெரிந்தவர்கள் விவசாயியிடம் நிலம் வாங்கும் கதைகளைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். எனக்கும் நெருடுகிறது. ரௌஸின் தரப்பு நியாயம், விஷயம் வெளியே தெரிந்தால் விலை ஏறி, தொடர்ச்சியான நிலமே கிடைத்திருக்காது. நகரமும் வந்திருக்காது என்பது. அது சரிதான். ஆனாலும் விற்றவர்கள் முழு விவரம் தெரியாமல்தான் விற்றார்கள். அவர் செய்த நன்மைகளை எழுதும்போது இதைத் தனிப் பக்கத்தில் எழுதி வைக்கிறேன்.

நிலம் வாங்கியபின் அவர் செய்ததுதான் வழக்கத்துக்கு மாறானது. வரைபடம் போடுவதற்கு முன்பே சமூகவியல், கல்வி, மருத்துவம், போக்குவரத்து, நிர்வாகம் என்று துறைக்கு ஒருவராகச் சுமார் பதினான்கு நிபுணர்களைக் கூட்டி மாதக்கணக்கில் உட்காரவைத்தார். ஒரு குழந்தை எப்படிப் பள்ளிக்கு நடந்துபோகும்? வேலை இழந்தவர் யாரிடம் போவார்? புதிதாகக் குடிவந்த பெண்ணுக்குத் தோழி எப்படிக் கிடைப்பாள்? இவைதான் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கேள்விகள். திட்டத்துக்கு நான்கு குறிக்கோள்களை வைத்துக்கொண்டார்: முழுமையான நகரம் கட்டுவது, நிலத்தை மதிப்பது, மனிதர்கள் வளர இடம் தருவது, லாபம் பார்ப்பது. நான்காவதை அவர் ஒளிக்கவில்லை. லாபம் வந்தால்தான் இன்னொருவர் இதைப் பார்த்துச் செய்வார் என்று நம்பினார்.

1967 ஜூன் 21-இல் நகரம் திறக்கப்பட்டது. அந்தத் தேதியைக் கவனியுங்கள். அதற்கு ஒன்பது நாள் முன்புதான், ஜூன் 12-இல், வெள்ளையரும் கறுப்பினத்தவரும் மணம் செய்யத் தடைபோடும் மாநிலச் சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. வீடு விற்பதில் நிறம் பார்ப்பதைத் தடைசெய்யும் சட்டம் வர இன்னும் ஓராண்டு இருந்தது. அந்த நேரத்தில், யார் வந்தாலும் எந்தத் தெருவிலும் வீடு கொடுப்போம் என்று ரௌஸ் அறிவித்தார். விற்பனை ஊழியர்கள் எவரையும் நிறம் பார்த்து வேறு தெருவுக்குத் திருப்பிவிடக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. கலப்பு மணத் தம்பதிகள் பலர் கொலம்பியாவைத் தேடி வந்து குடியேறினார்கள். காலத்துக்கு முந்திய காரியம் அது. ஒரு கட்டுமான நிறுவனம் எடுத்த முடிவு, சட்டம் வருவதற்கு முன்பே ஓர் ஊரின் குணத்தை உருவாக்கியது.

சின்ன விஷயங்களிலும் அதே எண்ணம் தெரிகிறது. வீட்டுக்கு வீடு தபால் பெட்டி வைக்காமல், பல வீடுகளுக்குச் சேர்த்து ஓரிடத்தில் வைத்தார்கள். கடிதம் எடுக்க வரும்போது பக்கத்து வீட்டாரைப் பார்த்துவிடலாம். தண்ணீர்க் குழாயடியில் உறவு வளர்த்த நமக்கு இது விளக்க வேண்டாத விஷயம். தனித்தனியாகத் தேவாலயம், யூதக் கோயில் கட்டாமல் 1970-இல் ஒரே கூரையின் கீழ் எல்லா மதத்தாரும் பகிர்ந்துகொள்ளும் வழிபாட்டு மையம் வந்தது. நகரத்தை ‘கிராமங்கள்’ என்ற குடியிருப்புப் பகுதிகளாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மையம், நீச்சல் குளம், நடைபாதை. முதல் கிராமத்தின் ஏரிக்கு, பணம் போட்ட காப்பீட்டு நிறுவனத் தலைவர் ஃப்ரேசர் வைல்டின் பெயர். ரௌஸும் அதே ஊரில், அந்த ஏரிக்கரையில் வீடு கட்டிக் குடியிருந்தார். தான் கட்டிய ஊரில் தானும் குடியிருக்கும் கட்டுமான அதிபர் அரிது. குழாய் உடைந்தால் காலையில் கடைக்குப் போகும்போதே ஆள் நிறுத்திக் கேட்பார் அல்லவா!

1974-75 மந்தநிலையில் மனை விற்பனை படுத்துவிட்டது. நிறுவனம் மூழ்கும் நிலைக்குப் போய் மீண்டது. 2020 கணக்கெடுப்பின்படி அங்கே ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள். எல்லாத் தரப்பினரும் சேர்ந்து வாழும் ஊர் என்ற கனவில், நிறம் கலந்தது பெரும்பாலும் நடந்தது. வருமானம் கலந்தது குறைவு. ஊர் நன்றாக அமைந்ததாலேயே வீட்டு விலை ஏறி, எளியவர்களுக்கு எட்டாமல் போனது.

அந்தக் குறைக்குப் பதில் கொலம்பியாவில் வரவில்லை. 1973-இல் வாஷிங்டனில் இருந்து வந்தது.

சர்ச் ஆஃப் தி சேவியர் என்ற சிறிய தேவாலயத்தைச் சேர்ந்த சில பெண்கள் ரௌஸைப் பார்க்க வந்தார்கள். ஆடம்ஸ் மோர்கன் பகுதியில் இரண்டு பழைய அடுக்குமாடிக் கட்டடங்கள். பெயர்கள் மட்டும் ஆடம்பரம்: ‘ரிட்ஸ்’, ‘மொசார்ட்’. இரண்டிலும் சேர்த்துத் தொண்ணூறு குடியிருப்புகள். எலி, உடைந்த குழாய், சிறுநீர் நாற்றம் வீசும் படிக்கட்டு. நகராட்சிக் கணக்கில் 900-க்கும் மேற்பட்ட விதிமீறல்கள். அவற்றை வாங்கி, அங்கே இருக்கும் ஏழைகளை வெளியேற்றாமலே பழுது பார்க்க வேண்டும் என்றார்கள். அனுபவமோ பணமோ அவர்களிடம் இல்லை. வேண்டாம், கையைச் சுட்டுக்கொள்வீர்கள் என்று ரௌஸ் எடுத்துச் சொல்லி அனுப்பினார். தொழில் தெரிந்த யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள், நானும் சொல்லியிருப்பேன். அவர்களோ அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

ரௌஸ் கட்டடங்களை வாங்கக் கடனுக்கு வழிசெய்தார். தேவாலயத்தாரும் குடியிருந்தவர்களும் சேர்ந்து, கூலி இல்லாமல் சுமார் ஐம்பதாயிரம் மணிநேரம் உழைத்து அவற்றைச் சீர்செய்தார்கள். வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, குப்பை அள்ளுவது எல்லாம் தாங்களே. ஜூபிலி ஹவுசிங் என்ற அமைப்பு அப்படித்தான் பிறந்தது. அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த ரௌஸை இந்த அனுபவம் உலுக்கிவிட்டது என்றே நினைக்கிறேன். கோடிக்கணக்கில் கடன் புரட்டத் தெரிந்த தனக்கு, தொண்ணூறு ஏழைக் குடும்பங்களுக்கான வீடு என்றதும் ‘முடியாது’ என்ற சொல்தான் முதலில் வந்தது. அது முடிந்ததையும் அவர் கண்ணால் பார்த்தார்.

இடையில் அவர் புகழின் உச்சிக்குப் போனார். 1976-இல் பாஸ்டனில் ஃபனுயில் ஹால் சந்தை, 1980-இல் பால்டிமோர் துறைமுகக் கரையில் ஹார்பர்பிளேஸ். பாழடைந்த நகர மையங்களுக்கு மக்கள் திரும்ப வந்தார்கள். 1981 ஆகஸ்டில் ‘டைம்’ இதழ் அட்டையில் அவர் படம் வந்தது. 1979-இல் தலைமைச் செயல் பொறுப்பிலிருந்து விலகினார். 1982-இல் மனைவி பாட்ரிசியாவோடு சேர்ந்து என்டர்பிரைஸ் அறக்கட்டளையைத் தொடங்கினார். ஜூபிலி போன்ற சிறு அமைப்புகள் ஊர் ஊராக இருந்தன. அவற்றுக்கு நல்ல மனம் இருந்தது. கடன் ஆவணம் தயாரிக்கவும், செலவைக் குறைக்கவும், வங்கியோடு பேசவும் ஆள் இல்லை. அந்த இடத்தில் தன் தொழிலறிவைக் கொண்டுபோய் வைத்தார்.

அறக்கட்டளைக்குப் பணம் எப்படி வரும்? அவருடைய முதல் ஏற்பாடு: கூடவே ஒரு லாப நிறுவனம், அது மற்ற நகரங்களில் சந்தைகள் கட்டும், லாபம் அறக்கட்டளைக்குப் போகும். இது சரியாக வரவில்லை. டொலீடோ, ஃப்ளின்ட் போன்ற தொழிலிழந்த நகரங்களில் கட்டிய சந்தைகள் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. பாஸ்டனில் பலித்தது ஃப்ளின்டில் பலிக்காது. கார் தொழிற்சாலை மூடிய ஊரில் விலைகூடிய தின்பண்டம் வாங்க யார் வருவார்கள்?

வேலை செய்தது இரண்டாவது வழி. அதுதான் அவருடைய மிகப் பெரிய கொடை என்பது என் கருத்து. அவர் பெயர் பொறிக்காத கொடையும் அதுதான். 1986-இல் அமெரிக்க வரிச் சட்டத்தைத் திருத்தியபோது, குறைந்த வருமானத்தாருக்கான வாடகை வீடுகளுக்கு வரிக்கழிவு தரும் பிரிவு ஒன்று சேர்க்கப்பட்டது. அது வருவதற்கும் நிலைப்பதற்கும் ரௌஸும் என்டர்பிரைஸும் முன்னின்று உழைத்தார்கள்.

எப்படி வேலை செய்கிறது என்று எளிமையாகச் சொல்கிறேன். ஒரு குடியிருப்பு கட்ட நூறு ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறும் கடன் என்றால், அந்தத் தவணையைக் கட்டும் அளவுக்கு வாடகை வாங்க வேண்டும். வீட்டுவேலை செய்பவரால் அதைக் கொடுக்க முடியாது. இப்போது ஒரு வங்கி அறுபது ரூபாயை முதலீடாகப் போடுகிறது. அதற்குப் பதிலாகப் பத்து ஆண்டுகள் அந்த வங்கி அரசுக்குக் கட்ட வேண்டிய வரி குறைகிறது. கட்டுகிறவருக்குக் கடன் நாற்பது ரூபாய்தான். தவணை குறைகிறது, வாடகையும் குறைகிறது. நிபந்தனை என்னவென்றால், வீடுகளில் குறிப்பிட்ட பங்கு, அந்த வட்டாரத்தின் நடுத்தர வருமானத்தில் ஐம்பது அல்லது அறுபது விழுக்காட்டுக்குள் இருப்பவர்களுக்கே ஒதுக்கப்பட வேண்டும். முதலில் பதினைந்து ஆண்டுகள், பிறகு வந்த திருத்தத்தால் முப்பது ஆண்டுகள். முதலீட்டாளர்களைத் திரட்டி, சிறு அமைப்புகளோடு இணைத்துவிடும் வேலையை என்டர்பிரைஸ் எடுத்துக்கொண்டது. இன்றும் அமெரிக்காவில் எளியவர்களுக்கான வாடகை வீடுகள் பெருமளவு இந்த வழியில்தான் கட்டப்படுகின்றன. இதில் குறைகளும் உண்டு. மிக ஏழைகளுக்கு இந்த வாடகைகூட எட்டாது. காலக்கெடு முடிந்ததும் வீடுகள் சந்தை விலைக்குப் போய்விடும் ஆபத்து இருக்கிறது. ஆனால் தன் பையிலிருந்து கொடுக்கும் தருமம் எத்தனை வீட்டைக் கட்டும்? ஒரு சட்டப்பிரிவு லட்சக்கணக்கில் கட்டியது. அதை எழுதவைக்க, 1930-களில் கடனின் உள்வேலையைக் கற்ற ஒருவர் தேவைப்பட்டார்.

சேன்ட்டவுன் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் நேர்மையாக இருக்காது. பால்டிமோரின் மேற்குப் பகுதியில் 72 பிளாக்குகள் கொண்ட ஏழ்மையான கறுப்பினக் குடியிருப்பு சேன்ட்டவுன்-வின்செஸ்டர். 1990 வாக்கில் மேயர் கர்ட் ஷ்மோக்கும், உள்ளூர் மக்கள் அமைப்புகளும், என்டர்பிரைஸும் சேர்ந்து அந்தப் பகுதி முழுவதையும் மாற்றிக் காட்ட முடிவு செய்தார்கள். வீடு மட்டும் போதாது. பள்ளி, மருத்துவம், வேலை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும் என்பது ரௌஸின் பிடிவாதம். 13 கோடி டாலருக்கும் மேல் செலவானது. ஏறத்தாழ ஆயிரம் வீடுகள் கட்டப்பட்டன அல்லது புதுப்பிக்கப்பட்டன. வேலைகள் வரவில்லை. போதைப்பொருளும் காலி வீடுகளும் நீடித்தன. 2015 ஏப்ரலில் போலீஸ் காவலில் காயமடைந்து இறந்த ஃப்ரெடி கிரே என்ற இளைஞர் அந்தப் பகுதிக்காரர். இறுதிச் சடங்கு நாளன்று நகரத்தில் கலவரம் வெடித்த இடம் மோண்டாமின் மால். ஆம், 1956-இல் ரௌஸ் கட்டியதுதான்.

வீட்டைச் சரிசெய்தால் மற்றவை தொடரும் என்று கட்டுமானக்காரர்கள் எளிதில் நம்பிவிடுகிறார்கள். ரௌஸ் அப்படி நம்பவில்லை, இருந்தும் அவரால் நகர்த்த முடிந்தது பெரும்பாலும் வீடுகளைத்தான். கடனும் காப்பீடும் நிறம் பார்த்து மறுக்கப்பட்ட அரை நூற்றாண்டின் சேதத்தைப் பத்து ஆண்டுத் திட்டம் ஒன்று துடைத்துவிடாது. அதற்காக, அங்கே முதல்முறையாகத் தம் பெயரில் பத்திரம் வாங்கிய குடும்பங்களைக் கணக்கிலிருந்து அழித்துவிடவும் எனக்கு மனமில்லை.

1995-இல் அதிபர் கிளின்டன் அவருக்கு நாட்டின் மிக உயரிய குடிமக்கள் விருதான சுதந்திரப் பதக்கத்தை அளித்தார். நரம்பியக்க நோயால் உடல் ஒடுங்கி, 1996 ஏப்ரல் 9 அன்று கொலம்பியாவில் தன் வீட்டிலேயே இறந்தார். நடிகர் எட்வர்ட் நார்ட்டன் அவருடைய மகள்வழிப் பேரன். தாத்தாவின் அறக்கட்டளைப் பணியில் பின்னர் இவரும் பங்கெடுத்தார். ரௌஸ் நிறுவனம் 2004-இல் கைமாறியது. ஹார்பர்பிளேஸ் கடைகள் காலியாகி, அங்கே வேறு கட்டடங்கள் எழுப்பும் திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. கொலம்பியாவில் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி வடிவமைத்த நிறுவனத் தலைமையகம் இப்போது ஒரு மளிகைப் பேரங்காடி.

ஆடம்ஸ் மோர்கன் இன்று வாஷிங்டனில் வாடகை உச்சத்தில் இருக்கும் பகுதிகளில் ஒன்று. உணவகங்களும் மதுக்கூடங்களும் நிறைந்த இடம். அதன் நடுவே ரிட்ஸும் மொசார்ட்டும் முதுகோடு முதுகாக இன்னும் நிற்கின்றன. இடையில் ஒருமுறை உட்புறம் முழுவதையும் புதுப்பித்தார்கள். ஜூபிலி ஹவுசிங் அவற்றை விற்கவில்லை. இன்றும் குறைந்த வருமானக் குடும்பங்கள்தான் அங்கே குடியிருக்கின்றன.